இரும்பும் வெயிலும்

பொகவந்தலாவை சென். மேரி தேவாலயத்து மயானத்தில் ஆங்கில மாதொருவரின் சமாதி உண்டு. புகைப்படக் கலையில் உலகப்புகழ் ஈட்டிய ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார், 1879ஆம் ஆண்டு டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமாகி அங்கே துயில்கின்றார். அவருடைய நெடுநாள் நண்பர் ஜோன் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர். அவ்வறிஞர் 1842இல் கண்ட விந்தையொன்று இன்று கழிவுநீரைத் தூய்மையாக்க உதவுகின்றதென்றால் வியப்பன்றோ?

எலுமிச்சையிலுள்ள சித்திரிக் அமிலத்தோடு சேர்ந்த இரும்புப்பை அவர் தாளிற் பூசி வெயிலில் வைத்தார். ஒளிபட்ட இடம், வேறோர் உப்பின் துணையால் நீலமாயிற்று. பொறியியலாளர் நெடுங்காலம் வரைபடங்களைப் பிரதிசெய்தது இம்முறையிலேதான். நீலத்தை யாவரும் கண்டனர். அமிலத்துக்கு நேர்ந்ததை நோக்கியவர் சிலரே. ஒளி பட்டதும் இரும்பு, தன்னைப் பற்றிநின்ற அமிலத்திலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்கின்றது. அமிலம் சிதைகின்றது; அதன் ஒரு கூறு காபனீரொட்சைட்டாய்ப் பறந்துவிடுகின்றது.

கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் என்பார், நம் வீட்டுப் புளியிலுள்ள தாத்தாரிக் அமிலத்தை இரும்பும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்து சிதைப்பதை 1894இல் வெளியிட்டார். சாயக் கழிவையும் இக்கூட்டு உடைத்துவிடும். ஆயினும் இறுதியில் ஒட்சாலிக் அமிலம் எஞ்சி, இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும். இருளில் வேலை அத்தோடு நின்றுவிடும். வெயில் பட்டாலோ அப்பிடி தளரும்; விடுபட்ட இரும்பு மீண்டும் தொழிலுக்குத் திரும்பும். தென் ஸ்பெயினிலுள்ள அல்மேரியாவில் கண்ணாடிகளால் கதிரொளியைத் திரட்டி இவ்வாறு நீரைச் சுத்திகரித்து ஆராய்கின்றனர்.

நம் மலையகத்துக்கும் இதில் அக்கறை உண்டு. மேல் லயத்தார் கழுவிவிட்ட நீர் கீழ் லயத்துப் பீலியின் அயலே ஓடுகின்றது. பொகவந்தலாவை நீர் கெகல்கமு ஓயா வழியே களனி கங்கையை அடைகின்றது. கொழும்பு மாநகர் பருகுவதும் களனி நீரையே.

இதற்காகத் துருப்பிடித்த ஆணிகளைக் கானில் எறிந்துவிடாதீர்கள், மாணவர்களே! பேரொட்சைட்டை அளந்து இடவேண்டும். நீரைப் பீ.எச். 3 அளவுக்குப் புளிப்பாக்கிப் பின் சுண்ணாம்பிட்டுத் திருத்தவேண்டும்; அடியிற் படியும் செம்மண் போன்ற இரும்புச் சேற்றையும் அகற்றவேண்டும். செலவு சிறிதன்று.

வெயிலுக்கு எங்கே போவது என்பீர்கள். பனிமூட்டம் கவியும் மாதங்களில் ஊதாக்கடந்த ஒளி தரும் விளக்குகள் வேண்டும். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். கெகல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர்தான் விமலசுரேந்திரா நிலையத்தில் மின்சாரம் பிறப்பிக்கின்றது.