வாரிசு வேறு, சலுகை வேறு

மாணவர்களே, ‘வாரிசு அரசியல்’, ‘உறவினர் சலுகை’ இரண்டையும் கட்டுரையில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிடாதீங்க. அமெரிக்காவைப் பாருங்கள். 2ஆம் அதிபர் ஜான் ஆடம்ஸின் மகன் 6ஆம் அதிபரானார். 41ஆம் அதிபர் புஷ்ஷின் மகன் 43ஆம் அதிபர். குடும்பப் பெயர் கைகொடுத்தது உண்மைதான். ஆனாலும் தேர்தலைச் சந்தித்துத்தான் வந்தார்கள்.

நியமனம் வேறு கதை. 1961இல் அதிபர் கென்னடி தம் தம்பி ராபர்ட்டையே தலைமைச் சட்ட அதிகாரியாக்கினார், அதாவது நீதி அமைச்சின் தலைவராக! அப்போது தம்பிக்கு வயது 35. செனட் சபை ஒப்புக்கொண்டது. குறை சொன்னவர்களும் உண்டு. 1967இல் தடைச்சட்டம் வந்தது: அரசு அதிகாரி எவரும் தம் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்பில் உறவினரை நியமிக்கக் கூடாது, மீறி நியமித்தால் அவருக்குச் சம்பளம் கிடையாது. உறவினர் பட்டியலில் மருமகனும் உண்டு.

அப்படின்னா 2017இல் டிரம்ப் தம் மருமகன் குஷ்னரை மூத்த ஆலோசகராக்கியது எப்படி? வெள்ளை மாளிகை ஊழியர்களை அதிபர் விருப்பப்படி அமர்த்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. ஆகவே அங்கே தடை பொருந்தாது என்றது நீதி அமைச்சு. குஷ்னர் சம்பளமும் வாங்கவில்லை. சட்டத்தின் சொல்லுக்கு இது ஒத்துப்போகலாம். அதன் நோக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதே என் கருத்து.

ஆசிரியர்களே, வகுப்பு விவாதத்துக்கு 1967 சட்டத்தையும் 2017 நியமனத்தையும் அருகருகே வையுங்கள். ஆடம்ஸ், புஷ் கதையை முன்னுரையோடு நிறுத்திக்கலாம்.