மாலை ஒத்திகையும் பகல் கால்ஷீட்டும்

ஒரு பிழைப்பைக் கையில் வைத்துக்கொண்டே நடிக்கும் வழக்கம் சென்னையில் நூறாண்டுக்கு முந்தையது. அதற்கு ஒழுங்கு வகுத்தவரின் பெயரோடு தென்புறநகரின் ஓர் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021இல் பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலான ஊர்களோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த பம்மல்தான் சம்பந்த முதலியாரின் குடும்பத்துக்குப் பூர்வீகம். 1873இல் பிறந்த அவர், பதினெட்டாம் வயதில், 1891 ஜூலை 1 அன்று நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

அன்றைய தமிழ் நாடகம் கம்பெனிகளின் கையில் இருந்தது. ஆட்டம் விடிய விடிய நடக்கும். நடிகருக்கு வேறு பிழைப்பு கிடையாது. ‘கூத்தாடி’ என்ற சொல்லுக்கு அஞ்சிப் படித்த குடும்பத்துப் பிள்ளைகள் மேடைப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள். சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் அதற்காகச் சம்பளம் வாங்கவில்லை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாணவர்களுமே வேடம் கட்டினார்கள். பிற்காலத்தில் தேசியத் தலைவரான சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் நடித்தவர்தான்.

சம்பந்த முதலியாரும் வக்கீல். 1924 முதல் 1928 வரை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். இதற்கிடையே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். பலவற்றில் தாமே முக்கிய வேடம் ஏற்றார். பகல் கோர்ட்டுக்கு, மாலை ஒத்திகைக்கு என்று பிரித்துக்கொண்டதுதான் இதன் சூட்சுமம். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியது அவருடைய பெரிய சீர்திருத்தம் என்பார்கள். அதைக் கலைச் சீர்திருத்தம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மறுநாள் காலையில் வழக்குக்கு ஆஜராக வேண்டியவர் பொழுது விடியும்வரை ஆடிக்கொண்டிருக்க முடியாது. நடிகரின் அன்றாடம் நாடகத்தின் நீளத்தையே மாற்றியது.

அந்த ஏற்பாடு அடுத்த தலைமுறைக்கும் கைகொடுத்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்குப் போய்விட்டு, இரவு வண்டியைப் பிடித்துக் குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ இறங்கி வீட்டுக்கு நடந்துவிடலாம் என்றானது. கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் (ஏ.ஜி.) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. சோ ராமசாமி டி.டி.கே. நிறுவனத்தின் சட்ட ஆலோசகர். கிரேஸி மோகன் கிண்டியில் படித்த எஞ்சினியர். நாடகம் இவர்களிடம் கேட்டது மாலை நேரத்தை மட்டும்தான். வீட்டுச் செலவை முதல் தேதிச் சம்பளம் பார்த்துக்கொண்டது.

கேமரா வந்த பிறகு இந்தக் கணக்கு உடைந்தது. படப்பிடிப்பு பகலைக் கேட்கிறது. அதிலும் எந்தப் பகல் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. சின்னத்திரையில் துணை வேடம் செய்பவருக்கு மாதத்தில் சில நாள் வேலை இருக்கும். அந்த நாள்கள் அடுத்தடுத்தும் வரும், தள்ளித் தள்ளியும் வரும். ‘நாளைக்குக் காலையில ஏழு மணி’ என்று மேனேஜர் முந்தின நாள் மாலையில்தான் போன் செய்வார். ரயிலும் முன்போல் துணைக்கு வருவதில்லை. தாம்பரத்திலிருந்து பதினோராவது நிலையம் கோடம்பாக்கம். ஆனால் படப்பிடிப்புகள் வளசரவாக்கம், போரூர் பக்கத்து வாடகை பங்களாக்களுக்கும் செம்பரம்பாக்கத்து ஈ.வி.பி. பிலிம் சிட்டிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நகர்ந்துவிட்டன. பெருங்களத்தூர்க்காரர் விடிகாலையில் பைக்கை எடுத்து மதுரவாயல் புறவழிச்சாலையில் ஏறுகிறார். செம்பரம்பாக்கம் என்றால் வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையைப் பிடிக்கிறார்.

இப்படிக் கேட்ட நேரத்தில் லீவு தரும் அலுவலகம் எதுவும் இல்லை. நாடகத்துக்கு ஆபீஸ் வேலை பொருந்தியதுபோல, கேமராவுக்குச் சொந்தமாக ஒரு சிறுதொழில் பொருந்துவது இதனால்தான். கடை தன்னுடையது என்றால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இந்தப் பாதையில் பலரும் அறிந்த உதாரணம் விஜய் சேதுபதி. துரைப்பாக்கம் தன்ராஜ் பெய்த் ஜெயின் கல்லூரியில் பி.காம். படித்தவர். கடையில் விற்பனையாளர், துபாயில் கணக்காளர், ஊர் திரும்பி நண்பர்களோடு உள்அலங்காரத் தொழில், பிறகு ரெடிமேட் சமையலறை விற்பனை என்று பல வேலைகள் பார்த்தார். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவுக்குள் அவர் நுழைந்ததும் கணக்காளராகத்தான். ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் கதாநாயகனாக வந்தது 2010இல். சூரி எதிர்த்திசையில் போனார்: நடிப்பில் நிலைத்த பிறகு மதுரையில் அம்மன் உணவகத்தைத் தொடங்கினார்.

எல்லாக் கடையும் நடிகருக்கு ஒத்துவராது. உரிமையாளர் கல்லாவில் உட்கார்ந்தே ஆக வேண்டிய கடை முதல் மாதத்திலேயே இடறும். தையல், ஜெராக்ஸ், ஸ்டேஷனரி போன்றவற்றை வீட்டில் ஒருவரோ நம்பிக்கையான ஓர் ஆளோ நடத்திவிடலாம். சீரியல் நடிகைகள் பலர் புடவை, ரவிக்கையைத் தாங்களே கொண்டுபோகிறார்கள் என்பதால், தையல் தெரிந்த நடிகைக்குத் தொழிலும் செலவும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

புறநகர்த் தெருக்களில் அதிகம் தென்படும் இட்லி மாவுக் கடை இதில் சோதனையானது. காலையில் அரிசியும் உளுந்தும் ஊறவேண்டும், மதியம் அரைக்க வேண்டும், ஐந்து மணிக்குப் பொட்டலம் தயாராக இருக்க வேண்டும். ஊறிய அரிசி யாருக்காகவும் காத்திருக்காது. இரவுக் காட்சி எடுக்க வேண்டும் என்று மதியம் போன் வந்தால், கிரைண்டர் பக்கம் மனைவியோ தம்பியோ நிற்க வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இன்னொருவரைத் தேட வேண்டும். நடிகரின் பெயர்தான் டைட்டிலில் வருகிறது. அந்த ஒரு நாளைச் சமாளித்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இந்தத் தொழிலைப் பற்றிய பேச்சில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. அது நியாயமே இல்லை.

கண்டினியூட்டி என்பது கடைக்கும் வந்துவிடும். காட்சி முடியாதவரை தாடியை எடுக்கக் கூடாது, முடியை வெட்டக் கூடாது. மூன்று வாரம் அதே தாடியோடு கல்லாவில் நின்றால், பால் வாங்க வருபவர்கள் ‘சபரிமலைக்கு மாலையா, அண்ணே?’ என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பணக் கணக்கைத் தனித்தனியாக வைப்பது அவசியம். நடிப்புச் சம்பளம் தொழில்முறை வருமானம். அதில் பொதுவாக 10 சதவீதத்தை முன்கூட்டிய வரியாக (டி.டி.எஸ்.) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் வராவிட்டால் அதைத் திரும்பப் பெறலாம். கணக்குத் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். துணை நடிகர்கள் கோட்டைவிடக்கூடிய இடம் இது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருக்கும் திரைக் கலைஞர், செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையும் சட்டத்தில் உண்டு. கடைக்கு அது பொருந்தாது. வியாபாரத்துக்கு வேறு விகிதம். ஆகவே கடை வரவு ஒரு வங்கிக் கணக்கிலும் நடிப்பு வரவு இன்னொன்றிலும் விழுவது நல்லது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்கென்று இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கடை, நடிப்பு இரண்டில் ஒன்று விழும்போது மற்றது தாங்குமா என்பதற்குத் தென்புறநகர் இரண்டு சோதனைகளைக் கண்டது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீடுகளும் கடைகளும் மூழ்கியபோது சரக்கு போனது. 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் அடியோடு நின்றபோது கால்ஷீட் போனது. அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் மளிகைக் கடையும் மாவுக் கடையும் குறித்த நேரம் திறந்திருக்கலாம். அந்த மாதங்களில் மாவுப் பொட்டலம் கட்டிய நடிகருக்கு, ஊறவைக்கும் அரிசியின் அளவை போன் அழைப்பைப் பார்த்துக் குறைக்க வேண்டிய நாள் ஒன்றுகூட வரவில்லை.