பங்குனியில் காருக்கு ஏன் பராமரிப்பு?

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனி உத்திரத் திருக்கல்யாணம் களைகட்டும்போதே வெயிலும் ஏறத் தொடங்கிவிடும். அக்னி நட்சத்திரத்துக்கு முன் காரைத் தயார்படுத்த இதுவே நேரம்.

டயரில் காற்றைக் காலையிலேயே பார்ப்பது ஏன்?

அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 27 டிகிரி செல்சியஸில் 32 பிஎஸ்ஐ இருக்கும் டயர், பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடி உள்ளே 60 டிகிரி ஆனால் சுமார் 37 காட்டும். அதிகம் என்று அப்போது 32-க்கு இறக்கினால், ஆறியதும் ஏறத்தாழ 27-தான் மிஞ்சும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும்; அந்தச் சூட்டில் ரப்பர் அடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கலாம். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும்.

பேட்டரிக்கு வெயில் ஏன் ஆகாது?

சூட்டில் வேதிவினைகள் வேகமெடுக்கும்; ஈயத் தகடுகள் அரிபடும், நீர் வற்றும். முனைகளில் பூத்திருக்கும் உப்பைத் துடையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகையென்றால் அளவு பாருங்கள்.

ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்தும். அழுத்த மூடி மேலும் உயர்த்தும். இன்ஜின் சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென விழுந்து, திரவம் கொதித்துப் பீறிடும். ஆறவிட்டே திறவுங்கள்.