வீட்டை இடிக்காத நகர வைத்தியர்

வைத்தியர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர், நோயாளி வாசற்படி ஏறும்போதே கத்தியைத் தீட்டத் தொடங்கிவிடுவார். மற்றொருவர் நாடி பிடித்துப் பார்ப்பார். என்ன உண்டாய், எங்கே உறங்கினாய் என்று விசாரிப்பார். அதன் பிறகே மருந்தைப் பற்றி வாய் திறப்பார். நகரங்களுக்கு வைத்தியம் செய்ய வருகிறவர்களிலும் இந்த இரண்டு வகையினர் இருக்கிறார்கள். இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவர் நமது தஞ்சைக்கும் நாடி பார்த்து, 1915-ஆம் வருஷத்தில் அறிக்கை எழுதினார். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ்.

கெடிஸ் ஸ்காட்லாந்துக்காரர். காந்திஜி பிறந்த அதே அக்டோபர் 2-ஆம் தேதியில், பதினைந்து வருஷங்களுக்கு முன்னதாக, 1854-ல் பிறந்தவர். படித்தது தாவர சாஸ்திரம். இளமையில் மெக்ஸிகோ தேசத்துக்கு ஆராய்ச்சிக்காகச் சென்றபோது கண்பார்வை கெட்டுச் சில காலம் இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. அப்பொழுது காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து, கட்டத்துக்கு ஒரு கருத்தாக அமைத்துச் சிந்திக்கும் பழக்கம் ஏற்பட்டது. பார்வை திரும்பிற்று, பழக்கம் மட்டும் ஆயுள் முழுவதும் போகவில்லை.

எடின்பரோ நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அழுக்கடைந்த பகுதிக்கே மனைவி அன்னாவுடன் அவர் குடியேறினார். சேரியைச் சீர்திருத்த வேண்டும் என்று மேடையில் பேசுவது எளிது. அங்கே போய்க் குடியிருந்து, அண்டை வீட்டாருடன் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடிப்பதும் செடி வைப்பதும் எளிதல்ல. தம்பதிகள் அதைச் செய்து காட்டினார்கள்.

சென்னைக் கவர்னராயிருந்த பெண்ட்லண்டு பிரபு அழைத்ததன் பேரில் கெடிஸ் 1914-ல் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிக்குரிய படங்களும் வரைபடங்களும் தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னை மீது குண்டு வீசிய 'எம்டன்' கப்பலை நேயர்கள் அறிவார்கள். அந்த எம்டனே 1914 அக்டோபரில் இந்தக் கப்பலையும் கடலில் மூழ்கடித்துவிட்டது. பல வருஷ உழைப்பு அடியோடு போயிற்று. ஆயினும் கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னை செனெட் ஹவுஸில் கண்காட்சியை நடத்தியே தீர்த்தார்.

பிறகு இராஜதானியின் ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கடியை நீக்குவதற்காகச் சதுரங்கப் பலகை போல நேர் நேராக வீதிகளை வெட்டும் யோசனை ஒன்று இருந்தது. வரைபடத்தில் கோடு போடுவது சிரமமல்ல. ஆனால் கோடு விழும் இடத்திலெல்லாம் வீடு விழும், வீட்டிலிருப்பவர்கள் தெருவில் நிற்பார்கள். கெடிஸ் வேறு வழி சொன்னார்: இருக்கும் சந்துகளே போதும்; மிகவும் பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்குங்கள்; காலி மனைகளைச் சிறு திறந்த வெளிகளாக்கி மரம் நடுங்கள்; காற்று தானே வரும். இதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு என்று எடுத்துக் காட்டினார். உறுப்பைக் கூடியவரை காப்பாற்றும் ரண சிகிச்சை என்பதே இந்த முறைக்கு அவர் இட்ட பெயரின் பொருள்.

கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்கச் சொன்னவர்களுடனும் அவர் வாதாடினார். குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசுப் புழுவை அவை தின்றுவிடும் என்றார். காவிரிப் பிரதேசத்துக் கிழவர்கள் கேட்டிருந்தால், "இதைச் சொல்லவா ஐயா, இத்தனை தூரம் கப்பலேறி வந்தீர்?" என்று சிரித்திருப்பார்கள்!

இந்தியா அவருக்குப் புகழைத் தந்தது. தாங்க முடியாத துக்கத்தையும் தந்தது. 1917-ல் மூத்த மகன் பிரான்ஸ் யுத்தகளத்தில் மாண்டான். கல்கத்தாவில் நோயுற்றுக் கிடந்த அன்னாவிடம் அச்செய்தியைச் சொல்ல மனம் துணியவில்லை. மகன் உயிரோடிருப்பதாக எண்ணியபடியே அந்த அம்மாள் கண்ணை மூடினார். கெடிஸ் வேலையை நிறுத்தவில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய்ச் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தார். ஜகதீச சந்திர வஸுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூருடனும் காந்திஜியுடனும் கடிதத் தொடர்பு கொண்டார். 1932-ல் பிரான்ஸில் காலமானார்.

அவருடைய கடிதங்களும் படங்களும் மடித்த காகிதங்களும் இன்று ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் சர்வகலாசாலையிலும், எடின்பரோ சர்வகலாசாலையிலும், தேசிய நூல்நிலையத்திலும் பத்திரமாயிருக்கின்றன. இந்திய அறிக்கைகளில் முக்கியமான பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்ற அம்மையார் தொகுத்து 1947-ல் புத்தகமாக்கினார்.

அவர் வரைந்த படங்களுள் புகழ் பெற்றது ஒன்று உண்டு. மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப் பள்ளத்தாக்கின் படம் அது. உச்சியில் சுரங்கக்காரனும் மரம் வெட்டுகிறவனும் வேடனும், சரிவில் இடையன், கீழே உழவன், கடற்கரையில் மீனவன். நிலம் தொழிலை வகுக்கிறது, தொழில் ஊரை வகுக்கிறது என்பது அதன் கருத்து. தமிழனுக்கு இது புதிதா? குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நம் முன்னோர் பிரித்ததும் இதுவல்லவா! குடகு மலையில் அந்தப் படத்தை விரித்தால், அதன் கடைசி ஓரம் கோடியக்கரையில் வந்து விழும். கடற்கரை திசை மாறி மேற்கே திரும்பும் அந்த முனையில் காடும் சதுப்பும் உப்பளமும் படகும் அருகருகே இருக்கின்றன.

அந்த ஓரத்தைக் கடல் பலமுறை சோதித்துவிட்டது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் எச்சத்தை 2004 டிசம்பர் சுனாமி சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னையையும் காட்டையும் வேரோடு பிடுங்கிற்று. ஒவ்வொரு சேதத்துக்குப் பின்னும் வரைபடத்துடன் யாராவது வருகிறார்கள். சுனாமிக்குப் பின் நாகைக் கரையோரத்தில் பல இடங்களில் நிழல் மரங்களை வெட்டிவிட்டு, வரிசை வரிசையாகக் காங்கிரீட் வீடுகள் எழுந்தன. வலை உலர்த்த எங்கே இடம், வெயிலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவனுக்கு எங்கே நிழல் என்று முதலில் கேட்டிருக்கலாம்.

வீடு கட்டுகிறவர்கள் மீது நமக்குப் பகையில்லை. வீடில்லாதவனுக்கு வீடு வேண்டும். கேட்டுக் கட்டுங்கள் என்பதே நம் வேண்டுகோள். கெடிஸின் தஞ்சை அறிக்கையை நல்ல தமிழில் அச்சிட்டு, காவிரிக் கரையிலுள்ள ஒவ்வொரு நகரசபையின் மேஜை மீதும், கோடியக்கரை ஊராட்சி வரையில், ஒரு பிரதி வைக்கட்டும். அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை. அதற்குப் பின் வருகிற வரைபடமாவது நம்மைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.