எண்ணெய் வடி திருகில் காந்தம்: தெரிந்தெடுக்கும் முறையும் பயன்படுத்தும் முறையும்

காளைக்கு நோய் கண்டால் அது தீனி எடாது, அசை போடாது, கண்டவர் உடனே அறிந்துகொள்வர். டிராக்டருக்கும் மோட்டார் காருக்கும் உள்ளே நோய் காணும்பொழுது அவை வாய் திறந்து சொல்வதில்லை. பல்சக்கரம் நொறுங்கி வண்டி சேற்றுழவின் நடுவே நின்ற பின்னரே விஷயம் வெளிப்படுகிறது. அப்பொழுது நாற்று முற்றிக்கொண்டிருக்கும். முறைத் தண்ணீரும் கடந்து போய்விடும். யந்திரத்தின் பழுதுச் செலவைக் காட்டிலும் பருவம் தவறிய நஷ்டமே பெரிது.

இவ்வாறு மறைவில் நடைபெறும் தேய்மானத்தை முன்கூட்டி அறிவதற்குச் சிறிய சாதனம் ஒன்று உண்டு. எண்ணெயை வடிப்பதற்காகக் கூட்டின் அடியில் உள்ள திருகின் நுனியில் ஒரு காந்தத்தைப் பதித்திருப்பதே அது. பட்டறைகளில் இதனை 'மேக்னெட் டிரெயின் பிளக்' என்பர். விலை சொற்பமே. ஆயினும் எங்கே, எவ்வகையானதைப் பொருத்துவது என்பதை அறியாமல் வாங்கினால் பயன் கிட்டாததோடு கேடும் விளையக்கூடும்.

காந்தம் செய்வதும் செய்யாததும்

யந்திரம் ஓடுகையில் பற்களும் பேரிங்குகளும் ஒன்றோடொன்று உராய்ந்து நுண்ணிய எஃகுத் துகள்களை உதிர்க்கின்றன. இத்துகள்கள் எண்ணெயோடு சுற்றி வந்து மறுபடியும் பற்களின் இடையே அகப்பட்டு மேலும் தேய்மானத்தை உண்டாக்குகின்றன. கூட்டின் தாழ்ந்த இடத்தில் உள்ள காந்தம் அவற்றுள் பலவற்றை இழுத்துப் பிடித்து, எண்ணெய் மாற்றும் வரையில் விடாமல் வைத்துக்கொள்கிறது.

ஆனால் அது இரும்பையும் எஃகையும் மட்டுமே பிடிக்கும். இஞ்சின் பேரிங்குகளில் உள்ள ஈயம், வெள்ளீயம், செம்பு, அலுமினியம் ஆகியவற்றையும், கியர் பெட்டியில் உள்ள பித்தளை வளையங்களின் துகள்களையும் அது தீண்டாது. வயற்காட்டுப் புழுதியோ வெறும் மணற்பொடி. அதனையும் காந்தம் பிடிக்காது. ஆகையால் காந்தம் வைத்துவிட்டோம் என்று காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாது விடுவதும், எண்ணெய் மாற்றும் கெடுவை நீட்டுவதும் பெரும் தவறாகும். காந்தத் திருகு மருந்தன்று. நாடி பார்க்கும் விரல் என்றே கொள்ளவேண்டும்.

முதலில் எதற்குப் பொருத்துவது?

இஞ்சினுக்குப் பெரும்பாலும் தனி எண்ணெய் வடிகட்டி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் 20, 30 பங்கு அளவுள்ள துகள்களை அது பெரும்பாலும் நிறுத்திவிடும். ஆதலால் இஞ்சினில் காந்தம் துணைக்காவலே.

கையால் கியர் மாற்றும் கார்களின் கியர் பெட்டியிலும், பின்னச்சின் நடுவே கிரவுன் வீலும் பினியனும் சுழலும் டிபரென்ஷியலிலும் நிலைமை வேறு. அவற்றில் பலவற்றுக்கு வடிகட்டியே கிடையாது. உதிர்ந்த துகள் எண்ணெய் மாற்றும் நாள் வரையில் அக்கூட்டினுள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். எனவே ஒரே ஒரு திருகு வாங்கப் பணம் இருக்குமாயின் டிபரென்ஷியலுக்கு வாங்குக, அடுத்து கியர் பெட்டிக்கு, இஞ்சினுக்குக் கடைசியில். டிராக்டர்களில் பலவற்றில் கியர், பின்னச்சு, ஹைட்ராலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய் பொதுவாக இருக்கும். ஹைட்ராலிக் பம்பும் அவ்வெண்ணெயையே உறிஞ்சுவதால் அங்கே காந்தத்தின் உதவி இன்னும் விசேஷமானது.

வாங்குமுன் பழைய திருகைக் கழற்றிப் பார்த்தல் நலம். அநேக வண்டிகளில் உற்பத்தியாளரே காந்தம் வைத்திருப்பர். சில டிபரென்ஷியல்களில் வடி திருகே இராது. எண்ணெய் ஊற்றும் திருகு மட்டும் மேலே இருக்கும். கனமான துகள்கள் அடியில் படிவதால், மேல் திருகில் காந்தம் வைப்பதனால் பயன் குறைவு.

எந்தக் காந்தம்?

கடைகளில் கிடைக்கும் காந்தங்களின் குணங்கள் பின்வருமாறு:

1. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டது. இழுவிசையில் இதற்கு மேற்பட்டது இல்லை. ஆனால் இதன் சாதாரண ரகம் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும். 150 டிகிரியும் அதற்கு மேலும் தாங்கும் உயர்ந்த ரகங்களும் உண்டு.

2. சமேரியம், கோபால்ட் சேர்ந்த காந்தம். இழுவிசை சற்றுக் குறைவு, விலை அதிகம், 250 டிகிரி உஷ்ணத்தையும் தாங்கும்.

3. அல்நிகோ என்னும் பழைய வகை. உஷ்ணத்தை நன்கு தாங்கும்; இழுவிசை மிதமானது.

4. பெரைட் என்னும் கருநிறக் காந்தம். விலை மலிவு, இழுவிசையும் குறைவு.

பாரம் இழுக்கும் இஞ்சினில் எண்ணெயின் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே இஞ்சினுக்கு சமேரியம் கோபால்ட்டோ, உஷ்ணம் தாங்கும் நியோடிமியமோதான் தகும். எத்தனை டிகிரி தாங்கும் என்று எழுதிக் கொடாத திருகை இஞ்சினுக்கு வாங்கலாகாது.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. புதுத் திருகின் நுனி எத்தனை இரும்பு வாஷர்களைச் சேர்த்துத் தூக்குகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்க. பின்பு திருகைக் கொதிக்கும் நீரில் அரை மணி நேரம் போட்டு எடுத்து, முற்றிலும் ஆறிய பின் மறுபடியும் எண்ணுக. தொகை தெளிவாகக் குறைந்திருந்தால் அது இஞ்சினுக்கு உதவாது.

காந்தம் திருகின் உடலில் எவ்வாறு பதிந்துள்ளது என்பதையும் கவனித்தல் வேண்டும். வெறும் பசையால் ஒட்டியது சூட்டில் விடுபட்டுப் பல்சக்கரத்தினுள் விழக்கூடும். குழியில் செருகி, விளிம்பை மடக்கி இறுக்கியதே பத்திரமானது.

மரையும் நீளமும்

திருகின் மரை வண்டியின் மரையோடு இம்மியும் பிசகாமல் பொருந்தவேண்டும். 'எம் 14 பெருக்கல் 1.5' என்றால் விட்டம் 14 மில்லிமீட்டர், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்பது பொருள். விட்டம் ஒத்து இடைவெளி வேறுபட்டால் இரண்டு சுற்று ஏறிய பின் இறுகும். அதனைப் பலவந்தமாக முடுக்கினால் அலுமினியக் கூட்டின் மரை அறுந்துபோகும். வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்தோ, பழைய திருகையே கடைக்கு எடுத்துச் சென்றோ வாங்குதல் உத்தமம்.

உள்ளே நீளும் காந்தமும் அளவுக்கு மிஞ்சலாகாது. கியர் பெட்டியில் திருகுக்கும் சுழலும் பல்லுக்கும் இடையே வெளி மிகக் குறைவாக இருக்கலாம். பழைய திருகின் நீளத்தை விட நீண்டதைப் பொருத்துமுன் உள்ளே இடம் உண்டா என்று அளந்தறிதல் அவசியம்.

பொருத்தும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தவேண்டும். கியர் பெட்டியிலும் டிபரென்ஷியலிலும் முதலில் எண்ணெய் ஊற்றும் மேல் திருகு கழல்கிறதா என்று பார்த்த பின்னரே வடி திருகைத் திறக்கவேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமற்போனால் வண்டி நின்றுவிடும். புதுத் திருகின் காந்தத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, முதற் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, புது வாஷர் இட்டு, கைப்புத்தகம் கூறும் அளவுக்கு ஸ்பானரால் முடுக்குக. நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டி முடுக்குதல் கூடாது. சிறிது ஓட்டிய பின் கசிவு உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

காந்தத்தைப் படிக்கும் முறை

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் காந்தத்தில் ஒட்டியதை வெள்ளைக் காகிதத்தில் வழித்துப் பார்ப்பதே இச்சாதனத்தின் முழுப் பயன்.

விரலில் மை போலப் படியும் சாம்பல் நிறப் பசை இயற்கையான தேய்மானம். புது வண்டியின் முதல் எண்ணெய் மாற்றத்தில் அது மிகுதியாயிருப்பினும் அஞ்சவேண்டியதில்லை. ஒரே கெடுவில் மாற்றியும் பசை தடவைக்குத் தடவை கூடிவந்தால் கவனம் வேண்டும். ஊசி போன்ற துண்டோ, செதிலோ, பல்லின் துணுக்கோ இருப்பின் பேரிங்கோ பல்லோ உடையத் தொடங்கிற்று என்று கொண்டு, கனவேலைக்கு இறக்குமுன் கூட்டைத் திறந்து பார்க்கவேண்டும்.

வடித்த எண்ணெயையும் தட்டில் ஊற்றிப் பார்க்கவேண்டும். மஞ்சள் மினுமினுப்பு பித்தளையையோ வெண்கலத்தையோ காட்டும். எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் சேற்றுழவில் சீல் வழியே நீர் புகுந்தது என்று அறியலாம். இவ்விரண்டையும் காந்தம் சொல்லாது.

ஹெலிகாப்டர்களின் கியர் பெட்டியிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. காந்தத்தில் ஒட்டும் எஃகுத் துணுக்கு இரு முனைகளை இணைத்தவுடன் விமானியின் முன்னே விளக்கு எரியும். நம் வண்டியில் அவ்விளக்கு இல்லை. கழற்றிப் பார்க்கும் கண்ணே விளக்கு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கூட்டுறவுச் சங்கம் முதலிய பொது ஸ்தாபனங்களின் வாடகை டிராக்டர்களைப் பல கைகள் ஓட்டுவதால் தேய்மானத்துக்குப் பொறுப்பாளி இராது. அத்தகைய வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய மணி, காந்தத்தில் கண்டது ஆகிய மூன்றையும் எழுதுவிக்கலாம். ஓட்டுநர் மாறினாலும் புத்தகம் மாறாது. வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டவிடாது, டின்னில் சேர்த்து அதற்குரிய வியாபாரியிடம் ஒப்படைக்கச் செய்வதும் அவர்கள் கவனத்துக்குரியது.

அடுத்த உழவுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. இப்பொழுதே வண்டியின் அடியில் குனிந்து, வடி திருகுகள் எத்தனை, அவற்றில் காந்தம் உண்டா, மரை என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் நலம். அரை மணி நேர வேலை பருவத்தில் பல நாட்களைக் காப்பாற்றித் தரும்.