செம்பனைக் கன்றுக்கு முதல் ஆண்டே கண்டம்

கூலாய் மாவட்டத்தில் செம்பனையின் மலாய்ப் பெயரையே தாங்கி நிற்கும் ஊர் கெலாப்பா சாவிட். இந்த வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் உள்ள உறவைச் சொல்ல அந்தப் பெயரே போதும். பெரிய தோட்டங்களுக்கு மறுநடவு ஆண்டுதோறும் நடக்கும் வேலை. மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கோ அது ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு. நட்ட பிறகு முதல் குலையை வெட்டச் சுமார் 30 மாதம் காத்திருக்க வேண்டும். இடையில் கன்று போனால் பணமும் போகும், காலமும் போகும்.

நாற்றங்காலில் ஓராண்டு வளர்ந்த கன்றின் அடித்தண்டுக்குள் இருக்கும் குருத்து இளசானது, இனிப்பானது. அதைத் தேடித்தான் விலங்குகள் வருகின்றன. குளிர் நாடுகளில் ஊசியிலை மரக்கன்றுகளை மான் கடித்துவிடுவதால், கன்றைச் சுற்றி வலையோ பிளாஸ்டிக் குழாயோ போடுகிறார்கள். நமக்கு மானைவிடப் பெரிய தொல்லை காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும்தான்.

தடயத்தைப் பாருங்கள்

மண் கிளறப்பட்டு, கன்று பிடுங்கிப் போடப்பட்டிருந்தால் அது காட்டுப்பன்றி. கன்று நின்ற இடத்திலேயே அடித்தண்டு உளி கொண்டு செதுக்கியதுபோல் கடிபட்டிருந்தால் முள்ளம்பன்றி. அருகில் முள் கிடக்கலாம். சிறிய பல் தடம் என்றால் எலி. மட்டை 'வி' வடிவில் வெட்டுப்பட்டு, குருத்தில் ஓட்டை இருந்தால் காண்டாமிருக வண்டு. எதிரி யார் என்று தெரியாமல் செலவு செய்தால் பயன் இருக்காது.

ஒவ்வொரு கன்றுக்கும் வேலி

ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 60 கன்று என்றால், மூன்று ஏக்கருக்கு 180. சிறிய நிலத்தில் கன்றுக்குக் கன்று கம்பிவலை போடுவது முடியக்கூடிய காரியம்தான். கன்றிலிருந்து ஓரடி தள்ளி, இரண்டடி உயரத்துக்கு வலையை வளைத்து, மூன்று முளைக்குச்சி அடித்து இறுகக் கட்டுங்கள். வலையின் அடிப்பகுதி சில அங்குலமாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வலையை முள்ளம்பன்றி கடித்துவிடும், கம்பியே நல்லது. மட்டை விரிந்ததும் வலையைக் கழற்றி எடுத்து வைத்தால் மறுபடியும் உதவும்.

பன்றிகள் கூட்டமாக வரும் இடத்தில் இது மட்டும் போதாது. காட்டோரப் பக்கத்திலாவது சிங்குத் தகடோ உறுதியான கம்பிவேலியோ தேவை. கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லை வெட்டி வைத்தால் எலி ஒளிய இடம் குறையும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

சிலர் வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்கம்பியில் கொடுக்கிறார்கள். இது மனிதரைக் கொல்லும். கீரை பறிக்க வருபவருக்கோ பந்தை எடுக்க ஓடும் பிள்ளைக்கோ அந்தக் கம்பி தெரியாது. மின்வேலி வேண்டுமென்றால், விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் அனுப்பும் வேலிக்கருவியை வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு பொருத்தி, எச்சரிக்கைப் பலகையும் வையுங்கள்.

கண்ணி வைப்பதும் கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பன்றித் தொல்லை மீறினாலோ, கோத்தா திங்கி, குளுவாங் பக்கம் நடப்பதுபோல் யானை இறங்கினாலோ, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். விஷம் வைத்தால் அண்டை வீட்டு நாயும் கூகையும் சேர்ந்தே சாகும்.

கூகை அலறினால் கெட்ட சகுனம் என்பார்கள் நம் பெரியவர்கள். செம்பனைக்கோ அது காவல்காரன். எலியைத் தின்று வாழும் அந்தப் பறவைக்காகவே பல தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி கட்டி வைக்கிறார்கள்.

வண்டு பெருகுவது அழுகும் பழைய மரத்தில். திறந்தவெளியில் எரிக்கச் சட்டம் இடம் தராது. அதனால் வெட்டிய மரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பரப்பி, மேலே மூடுகொடி படர விடுங்கள். வண்டைக் கவரும் வாசனைப் பொறியும் கிடைக்கிறது.

இருபதுக்கு ஒன்று கூடுதலாக

எவ்வளவு காத்தாலும் சில கன்றுகள் போகத்தான் செய்யும். 180 கன்று நடுபவர் பத்துக் கன்றையாவது பையிலேயே வளர்த்து வைக்கட்டும். காலியான இடத்தை முதல் ஆண்டுக்குள் நிரப்பிவிட வேண்டும். பிறகு நட்டால் பக்கத்து மரங்களின் நிழலில் கன்று மெலிந்தே நிற்கும். கன்றுகளை மலேசியச் செம்பனை வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றங்காலில் மட்டும் வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நட்ட முதல் சில வாரங்கள் தினமும் காலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஓரிரவில் இரண்டு கன்று போனது தெரிந்தால், மறுநாள் இருபது போகாமல் தடுக்கலாம்.