சாமி கும்பிடுகிறவர் சந்தோஷமாக இருக்கிறாரா?

பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற மத்திய அரசு 2018இல் ஒரு பட்டியல் போட்டது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள்: விருதுநகரும் ராமநாதபுரமும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதிக்குப் போகிறவருக்குக் காரணம் புரியும். வானம் பார்த்த பூமி, கரிசல் காடு, மழை பெய்தால் மட்டுமே நிறையும் கண்மாய்கள், எங்கும் சீமைக்கருவேலம். ஆனால் ஊருக்கு ஊர் கோயில் உண்டு; கொடைக்கும் பொங்கலுக்கும் குறைவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில்தான் பக்தி மனத்துக்குத் தெம்பு தருகிறது என்கிறது, உளவியலாளர் எட் டீனர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கேலப் நிறுவனம் திரட்டிய தரவுகளை அவர்கள் அலசினார்கள். பசியும் பாதுகாப்பின்மையும் மிகுந்த நாடுகளில் மதப்பற்று உள்ளவர்கள் மற்றவர்களைவிட மனநிறைவோடு இருந்தார்கள். வசதியான நாடுகளில் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை.

அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? நம்பிக்கையிலிருந்தா, கூட்டத்திலிருந்தா? ஆய்வாளர்கள் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் 2006இல் பேசி, அவர்களில் பலரை 2007இல் மீண்டும் சந்தித்தார்கள். மகிழ்ச்சியாக இருப்பவர்தான் தேவாலயம் போகிறாரோ என்ற சந்தேகத்தை ஓரளவு தீர்க்கவே இந்த இரண்டாவது சந்திப்பு. வாராவாரம் போயும் அங்கே நெருங்கிய நண்பர் இல்லாதவர்கள், போகாதவர்களைவிட நிறைவாக இல்லை. சபையில் நண்பர்கள் இருந்து, அந்த மதம் தன்னுடையது என்ற உணர்வும் இருந்தவர்களுக்கே பலன் கிடைத்தது. திருச்சுழியில் 1879இல் பிறந்து, 16 வயதில் வீட்டைவிட்டுத் தனியே திருவண்ணாமலைக்குப் போன ரமண மகரிஷியை இந்தக் கணக்குக்குள் அடக்க முடியாது. நான் பேசுவது குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்களைப் பற்றி.

நம் ஊர்களில் இந்த ஒட்டுறவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோயில் விழாவுக்கு முளைப்பாரி போடும் நாட்களில் போக வேண்டும். ஓட்டிலோ சட்டியிலோ எருவும் வைக்கோலும் பரப்பி, மொச்சை, தட்டாம்பயறு, சோளம் என்று நவதானியம் தூவி, வெயில் படாத வீட்டில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உருவாகாது. ஒளியைத் தேடி முளைகள் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். இரவானால் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். பகலெல்லாம் களையெடுத்து ஓய்ந்த கைகள் ஒரே தாளத்தில் விழும்போது அலுப்பு எங்கே போகிறது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் துடுப்பு வீரர்களை வைத்து 2010இல் நடந்த சோதனை இதற்கு ஒரு விடை தருகிறது. தனியாகத் துடுப்புப் போட்டபோதும், குழுவாக ஒரே வீச்சில் போட்டபோதும் உழைப்பு ஒன்றுதான். ஆனால் சேர்ந்து போட்ட பிறகு வலி தாங்கும் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் அதிகரித்ததன் அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கும்மியை யாரும் இப்படி அளந்ததாக நான் படித்ததில்லை. அளந்தால் இதே விடை வரும் என்றே நம்புகிறேன்.

மொரிஷியஸ் தமிழர்களை அளந்திருக்கிறார்கள். தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பவர்களை டிமிட்ரிஸ் சைகலாடஸ் குழு ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. உடலுக்கு நீடித்த கேடு தென்படவில்லை. அதிக வலியை ஏற்றவர்களே தங்கள் வாழ்வு மேம்பட்டதாக அதிகம் உணர்ந்தார்கள். நாள்பட்ட நோயாளிகளும் சமூகத்தில் கீழே தள்ளப்பட்டவர்களுமே அதிக அலகு குத்திக்கொண்டவர்கள் என்பது என்னை மிகவும் பாதித்த செய்தி.

மதம் தரும் ஒட்டுறவு தற்கொலையைத் தடுக்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் தர்கைம் எழுதிய நூல் 1897இல் வந்தது. ஆனால் அந்த ஒட்டுறவுக்குள் யாரைச் சேர்ப்பது என்பது வேறு கேள்வி. அதே ஆண்டு மே மாதம், தங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில், அவர்களுக்கு உள்ளே நுழைய உரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பானது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர் போன்ற ஊர்களில் நாடார்கள் உறவின்முறை என்ற சமூக அமைப்பை ஏற்படுத்தி, வியாபாரத்தில் மகமை என்ற பொதுநிதி பிடித்து, தங்களுக்கென்று கோயிலும் பள்ளியும் கட்டிக்கொண்டார்கள். மறுக்கப்பட்ட ஒட்டுறவைத் தாங்களே உண்டாக்கினார்கள். எல்லோருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவது தகராறாகி, 2023 ஜூனில் அந்தக் கோயிலுக்கே சீல் வைக்கப்பட்டது.

கோயிலுக்குப் போகிறீர்களா என்று மட்டும் கேட்டு மகிழ்ச்சியை அளக்கிற ஆய்வு, வாசலில் நிறுத்தப்பட்டவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் கிராமங்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. கோயில் விழாவுக்கு வீடுவீடாக வசூலிக்கும் தலைக்கட்டு வரியின் நோட்டு இருக்கிறது. யாரிடம் வரி வாங்குகிறார்களோ அவர்தான் ஊரில் ஒருவர். அடுத்த பொங்கலுக்கு அந்த நோட்டை எழுதும் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஊரில் குடியிருக்கும் ஒரு வீடும் விடுபடாமல் எழுதுங்கள்.